அரக்குப் பசையும் அப்பாவின் பெட்டிக் கயிறும்

கரி அடுப்பின் மேல் பால் டின். டின்னுக்குள் அரக்கு உருகிக்கொண்டிருக்கிறது. அது சிவப்பாகக் குமிழ் விட்டு வெடிக்கும்போதெல்லாம் ஒரு வாடை கிளம்பி என் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏணையில் குழந்தை சிணுங்குகிறது. ஏணைக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே, ஒரு கையில் காகிதப் பூவும் மறு கையில் குறடுமாக நான் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே அப்பா, ரோஸ் காகிதத்தை இதழ் இதழாக வெட்டிப் போடுகிறார். அவருக்குப் பின்னால் சுவரோரத்தில், கயிறு சுற்றிய தகரப் பெட்டி.

மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திரம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான்.

போன வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற ஒரு வாசகி தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "நாடு சுதந்திரம் வாங்குனத கண்ணால பாத்தவங்க நீங்க. அதப் பத்தி எழுதவே மாட்றிங்களே, ஏன்?" என்று கேட்டார். ஏன் என்றால், அலுப்புதான் அம்மா. எல்லாருக்கும் கொடி ஏறிய ஞாபகம் இருக்கிறது. எனக்கு விரல் வெந்த ஞாபகம்தான் இருக்கிறது. அதை யார் படிப்பார்கள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வாரம் வேறு எதுவும் கைவசம் இல்லை, ஆகவே அதையே எழுதுகிறேன்.

நம்ம வீட்ல செஞ்சுருவாங்க

என் வீட்டுக்காரர் மலாக்கா டவுனில் ஓர் அரசாங்க ஆபீசில் பியூன். நாங்கள் குடியிருந்தது காஜா பெராங்கில், ஒரு சந்துக்குள். நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்டும் பழக்கம் கிடையாது. ஒரே ஒரு வியாதிதான் உண்டு. யார் என்ன கேட்டாலும், "அதுக்கென்னா, நம்ம வீட்ல செஞ்சுருவாங்க. சுலுவான வேலதானே!" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். 'நம்ம வீட்ல' என்றால் நான். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

கோயில் உபயத்துக்குச் சுண்டல், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ரவிக்கை, ஆபீஸ் கிராணியின், அதாவது குமாஸ்தாவின், மகள் பள்ளிக்கூட நாடகத்தில் வைத்துக்கொள்ள ஒரு கிரீடம். வாக்கு அவருடையது, முதுகுவலி என்னுடையது. சொன்ன வேலையை முடித்துக் கொடுத்தால், "பாத்தியா, சுலுவா முடிஞ்சிருச்சு" என்பார். அதைக் கேட்கும்போது கையில் இருப்பதை வீசி எறியலாம் போல வரும்.

இந்தப் பசை விவகாரமும் அப்படித்தான் ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில் வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஆபீஸ் துரையும் கிளம்பினார். பிரிவு உபசாரத்தில் துரை கையில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உஜோங் பாசிர் கடற்கரைக்குப் போய் ஒரு சாக்கு நிறையச் சிப்பி பொறுக்கிக்கொண்டு வந்து குசினியில் கொட்டினார். கடல் வாடை வீட்டை விட்டுப் போக வெகு நாளாயிற்று.

"இத ஒரு பெட்டி மேல ஒட்டிக் குடுத்துரு. தொரை ஊருக்குக் கொண்டுகிட்டுப் போவட்டும்."

"எதுலங்க ஒட்டறது? மாவுப் பசையில சிப்பி நிக்குமா?"

சட்டைப் பையிலிருந்து அரக்குத் துண்டுகளை எடுத்தார். ஆபீஸ் உறைகளுக்கு முத்திரை வைக்கிற சிவப்பு அரக்கு. கையில் பிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்ததும் கிராணி குப்பையில் போட்டுவிடுவாராம். கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அதோடு கொஞ்சம் மெழுகுவர்த்தி, கொஞ்சம் குங்கிலியம். எல்லாவற்றையும் பால் டின்னில் போட்டு உருக்கி, டின்னின் வாயைக் குறடால் நசுக்கி ஒரு மூக்குப் பண்ணினார். மூக்கைச் சாய்த்தால் சொட்டு விழும். அதன் மேல் சிப்பியை வைத்து வாயால் ஊதினால் போதும், பிடித்துக்கொள்ளும்.

நிஜத்தைச் சொன்னால், வேலை சுருக்காகத்தான் முடிந்தது. பெட்டியைப் பார்த்துத் துரை அசந்துபோனாராம். அவர் ஊரில் குளிர். சிப்பியெல்லாம் இன்னும்கூட ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

அதற்குப் பிறகு என்னால் தப்ப முடியவில்லை. பொத்தான், பாசிமணி, உடைந்த வளையல், சிரட்டை என்று வீட்டில் மீந்ததெல்லாம் எதன் மேலாவது ஒட்டப்பட்டது. முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுற்றி வளையல் துண்டு. கொண்டை ஊசியில் பாசிமணிப் பூ. அழகாக இருக்குமே என்று சாமி விளக்கின் தட்டிலும் சிப்பி ஒட்டினேன். விளக்கு ஏற்றியதும் சிப்பிகள் நகர்ந்து எண்ணெயில் விழுந்தன. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

இப்போது ஒரு துப்பாக்கி

முந்தாநாள் என் மகள் தீபாவளிக்காக வாசல் தோரணம் செய்துகொண்டிருந்தாள். கையில் ஒரு க்ளூ கன், பசைத் துப்பாக்கி. மின்சாரத்தில் மாட்டிவிட்டு, பின்பக்கம் ஒரு வெள்ளைக் குச்சியைச் செருகுகிறாள். விசையை அழுத்தினால் முன்பக்கம் சூடாகப் பசை வருகிறது. ஒரு சொட்டு, அதன் மேல் ஒரு பூ, வேலை தீர்ந்தது.

"எவ்வளவு ஈசி பாத்தியாம்மா?" என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு முதுகு வலித்தது. அவள் துப்பாக்கியை எடுக்கும்போது பசை மெல்லிய இழையாகப் பின்னாலேயே வந்து அவள் முடியில் ஒட்டிக்கொண்டது. அந்த இழையை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ நாள் அதை மயிரோடு சேர்த்துப் பிய்த்திருக்கிறேன்.

"வெயில் படற எடத்துல மட்டும் மாட்டிறாத" என்றேன்.

"ஏன்?" என்றாள். கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த பூவை எடுத்தாள். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அவிழ்க்காத பெட்டி

என் அப்பா, புக்கிட் ரம்பாயைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு கித்தா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள். நான் ஒரே பெண். எனக்குச் சடை பின்னிவிட்டது, பேன் பார்த்தது எல்லாம் அப்பாதான்.

மெர்டேக்கா வரப்போகிறது என்ற பேச்சோடு, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப்போகிறார்கள் என்ற பேச்சும் சேர்ந்தே வந்தது. முதல் பேச்சு பலிப்பதற்குள் இரண்டாவது பலித்துவிட்டது. தோட்டத்துக்காரர்கள் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்பாவுக்கு இந்தியாவில் ஒரு தம்பி இருந்தார். முகம் பார்த்தே பல வருஷமாகியிருந்தது. அங்கேயே போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இங்கிருந்து சிங்கப்பூருக்கு பஸ், அங்கிருந்து கப்பல். அதுவரை சில நாள் என்னோடு.

பெட்டியை மணிலாக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். வந்த நாள் முதல் அதை அவிழ்க்கவே இல்லை. ஒரு துணிப்பையில் இருந்த வேட்டிகளைத் துவைத்து மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டார். சாப்பிட உட்கார்ந்தால் முதலில் போட்ட சோற்றோடு, "போதும் தாயி" என்று எழுந்துவிடுவார். லயத்தில் அவர் சாப்பிடும் அளவு எனக்குத் தெரியாதா? பெண்ணைக் கொடுத்த வீட்டில் வயிறு நிறையச் சாப்பிடக்கூடாது, நாள் கணக்கில் பாய் விரிக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் முறை. விருந்தாளியாக வரலாம், போகலாம். தங்கிவிடக்கூடாது.

பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"இங்கயே இருந்துருங்களேம்ப்பா."

"நீ சொல்றது பாசம் தாயி. இது மாப்ள வீடு. மாப்ள வாயால வரணும்."

மாப்பிள்ளை வாயால் வரவில்லை. அதுதான் கொடுமை. ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்துவிட்டு வருகிற வாய், மாமனார் எதிரில் திறக்காது. "பசியாறிட்டிங்களா மாமா?" அதற்கு மேல் ஒரு சொல் வராது. பகை ஒன்றும் இல்லை. மரியாதை முற்றிப்போய்க் கூச்சமாகிவிட்டது.

"என்னாங்க, அப்பாவ இருக்கச் சொல்லுங்களேன்" என்று நான் கேட்டால், "கூடப் பொறந்தவரு வீட்டுக்குப் போறாரு. நாம மறிச்சா அவருக்குச் சங்கடமா இருக்காதா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவருக்கும் அப்பா இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. அதை நேருக்கு நேர் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் செட்டி கம்போங், பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் செட்டிகளின் குடியிருப்பு. அங்கிருந்து மாக் நாகம்மா அடிக்கடி பலகாரம் எடுத்துக்கொண்டு வருவார். சாரோங், கெபாயா, நெற்றியில் திருநீறு. கும்பிடும் சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். அவருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. பெட்டியைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் நேராகவே கேட்டார்.

"புவாட் ஆப்பா பாலேக்? ரூமா அனாக் அடா."

எதற்குத் திரும்பிப் போகிறீர்கள், பிள்ளை வீடு இருக்கிறதே என்று அர்த்தம். அப்பாவுக்குத் தோட்டத்து மலாய் வரும்.

"இத்து ரூமா மெனாந்து" என்றார். அது மருமகன் வீடு.

மாக் நாகம்மா என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

புது நாடு, புது மாதிரி

அந்த நேரம் பார்த்துத்தான் லாரி வந்தது. மெர்டேக்கா ஊர்வலத்துக்கு எங்கள் பகுதிச் சங்கத்தின் சார்பில் ஓர் அலங்கார லாரி விடுவதாக ஏற்பாடு. பெண்டஹாரா பக்கம் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் சங்கத்துக்குச் செயலாளர். பூ அலங்காரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறார். யார் என்று உங்களுக்கே தெரியும்.

"லாரி பூராவா?" என்றேன்.

"ரெண்டு பக்கமும் மூங்கில் தட்டி வச்சுருவாங்க. அது மேல காயிதப் பூ. நம்மகிட்டதான் அரக்கு இருக்கே. டப்பு டப்புன்னு ஒட்டிக்கிட்டே போனா முடிஞ்சிரும்."

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் சந்தில் பூக்கட்டத் தெரியாத பெண்ணே கிடையாது. பேசிக்கொண்டே, பார்க்காமலே முழம் முழமாகக் கட்டுவோம். இந்தப் பூவையும் அப்படியே தட்டியில் கட்டியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் பூக்கட்டுவது அன்றாடம் செய்கிற வேலை. அரக்கு என்றால் ஆபீஸ் சமாச்சாரம், அதில் ஒரு கௌரவம். புது நாடு, புது மாதிரியாக இருக்கட்டும் என்று செயலாளரும் சொல்லிவிட்டார். எங்களில் ஒருவருக்கும் மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை.

என் மனசில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. லாரி நல்லபடியாக அமைந்து நாலு பேர் மெச்சினால் இவர் மனசு குளிரும். அந்தக் குளிர்ச்சியில் அப்பாவிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட மாட்டாரா? அப்பாவுக்கு பஸ் ஊர்வலத்துக்கு மறுநாள் காலையில். அதற்குள் சொன்னால் உண்டு.

ஆகவே ஒட்டினேன். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு ஒட்டினேன், சோறு கொதிக்கும்போது ஒட்டினேன். அரக்கு போதாமல் மெழுகைக் கூட்டினேன். தலை நிறையப் பசை இழை. சோற்றை உருட்டினால் விரல் கொப்புளத்தில் குழம்பு பட்டுச் சுரீர் என்றது. கொடியில் இருக்கும் நட்சத்திரத்துக்கு எத்தனை முனை என்று சந்தில் ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னார்கள். இவர் ஆபீசுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதும், ஒட்டியதைப் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினேன்.

அப்பா இதழ்களை வெட்டிக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு நானும் அவரும் அத்தனை நேரம் எதிரெதிரே உட்கார்ந்தது அப்போதுதான். பேச எவ்வளவோ இருந்தது.

"அகலம் இது போதுமா தாயி?"

"போதும்ப்பா."

இதைத் தவிர நாங்கள் எதுவும் பேசிக்கொண்டதாக ஞாபகம் இல்லை.

உச்சி வெயில்

ஊர்வல நாள் காலையில் லாரி எங்கள் சந்து முனைக்கு வந்தது. தட்டிகளை ஏற்றிக் கட்டினார்கள். வெள்ளை, ரோஸ், மஞ்சள் பூக்கள், நடுவில் பிறையும் நட்சத்திரமும். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. இவர் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "வீட்ல செஞ்சது" என்றார். ஊர்வலம் சாயங்காலம். அதுவரை எல்லாரும் பார்க்கட்டும் என்று லாரியை மர நிழலிலிருந்து எடுத்து, ரோட்டுச் சடக்கோரம் வெட்டவெளியில் நிறுத்தினார்கள்.

நான் வீட்டுக்கு வந்து குழந்தையைக் குளிப்பாட்டி, அப்பாவுக்குச் சோறு போட்டேன். "போதும் தாயி" என்று எழுந்தார். அவர் கை கழுவிக்கொண்டிருக்கும்போது மாக் நாகம்மா மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார்.

"பூங்ஙா ஜாத்தோ! செமுவா ஜாத்தோ!"

பூவெல்லாம் விழுகிறது என்கிறார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். அப்பாவும் பின்னாலேயே வந்தார்.

வெயில் நேராகத் தட்டியின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. அரக்கு இளகி, பூக்கள் ஒவ்வொன்றாக மூங்கில் மேலேயே வழுக்கிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. பிறை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. வெள்ளைப் பூக்களின் மேலெல்லாம் சிவப்புப் பசை வழிந்திருந்தது. இவர் விழுந்த பூக்களை எடுத்து எடுத்து மறுபடி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்தி முடிப்பதற்குள் அடுத்தது விழுந்தது.

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப என்னாங்க செய்றது? ஊரே பாக்கப் போவுது."

இவர் இன்னொரு பூவை எடுத்து அழுத்தினார். வாக்குக் கொடுக்க வாய் வராமல் அவர் நின்றதை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லாம் போச்சு என்றுதான் தோன்றியது. பூவைச் சொல்லவில்லை. இந்த அவமானத்தோடு வீட்டுக்கு வந்தால் இவர் யாரிடமும் பேச மாட்டார். விடிந்தால் அப்பா பஸ் ஏறிவிடுவார். அங்கேயே சடக்கோரத்தில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

"கட்டிருவோம்" என்றேன் கடைசியில். "நமக்குப் பூக்கட்டவா தெரியாது?"

கட்டலாம். எதால் கட்டுவது? விடுமுறை என்று கடையெல்லாம் அடைத்திருந்தார்கள். தையல் நூல் காகிதத்தை அறுத்தது. மாக் நாகம்மா தன் வீட்டு வாழையிலிருந்து நார் உரித்து வந்தார். பச்சை நார், இழுத்ததும் பிய்ந்தது.

அப்பா எப்போது வீட்டுக்குப் போனார் என்று நான் கவனிக்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் தோளில் மணிலாக் கயிறு கிடந்தது.

"பிரிச்சா நெறைய இழ வரும்" என்று செயலாளரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து, "காலைல பெட்டிக்கு வேற கயிறு ஒன்னு பாத்து வச்சுரு தாயி" என்றார்.

எங்கள் சந்துப் பெண்கள் ஒரு பக்கம், மாக் நாகம்மா கூட்டி வந்த கம்போங் பெண்கள் ஒரு பக்கம். அப்பா கயிற்றைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்க, நாங்கள் பூவைத் தட்டியோடு சேர்த்துக் கட்டினோம். எங்களுக்குத் தமிழ், அவர்களுக்கு மலாய், முடிச்சு இரண்டு பக்கமும் ஒரே முடிச்சுதான். பசை வழிந்த இடத்தை மாவிலையால் மறைத்தோம். இவர் லாரியின் மேல் ஏறி நின்று, சொன்னதையெல்லாம் செய்தார்.

லாரி திரும்பியது

நேரத்துக்கு லாரி கிளம்பியது. இவரும் அப்பாவும் அதோடு போனார்கள். நான் போகவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன், அப்படியே தூங்கிப்போனேன். நாடு சுதந்திரம் வாங்கியதைக் கண்ணால் பார்த்தவள் என்றாரே அந்த வாசகி, அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

பொழுது சாயும் நேரத்தில் லாரிச் சத்தம் கேட்டு விழித்து, சந்து முனைக்குப் போனேன். பூவெல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. செயலாளர் முகம் மலர்ந்திருந்தது.

"பாடாங் மைதானத்துல அத்தன பேரும் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. தீபாவளிக்கு நம்ம சங்கத்து மேடைக்கும் இப்புடியே செஞ்சுரணும். யாரு பொறுப்பு எடுத்துக்குவா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வரப்போவது தெரிந்ததுதானே.

"அதுக்கென்னா" என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர். பசைக் கறை படிந்த கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "நம்ம மாமா இருக்காருல்ல. செஞ்சுருவாரு. தீபாவளிக்கு மட்டும் இல்ல, பொங்கலுக்கும் அவர்தான். அவரு எங்க போப்போறாரு? நம்ம வீட்லதானே இருப்பாரு."

அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை. லாரிச் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார். ஆனால் சடக்கில் நின்ற எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

செயலாளர் அப்பா பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "அப்ப சரிங்கய்யா. ஒங்களத்தான் நம்பியிருக்கோம்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவரைப் பார்த்தார். இவர் இன்னும் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் நடுவில் மாப்பிள்ளை கொடுத்த வாக்கை மாமனார் இல்லை என்று சொல்ல முடியுமா? அப்பாவும் கும்பிட்டார்.

'சுலுவான வேலதானே' என்று வாக்குக் கொடுக்கும் அந்த வாயை நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது. கை தூக்கக்கூட தெம்பு இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சோறு போட்டேன். கருவாட்டுக் குழம்பு. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முதலில் போட்டதைச் சாப்பிட்டு முடித்த அப்பா எழுந்திருக்கவில்லை. தட்டைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார்.

"இன்னுங் கொஞ்சம் போடு தாயி."

போட்டேன். சுவரோரத்தில் கயிறு இல்லாமல் பெட்டி நின்றது. வேறு கயிறு பார்த்து வைத்தாயா என்று அப்பா கேட்கவில்லை. நானும் தேடவில்லை.